ரிஸ்க்: ‘ஆபத்து’ வேண்டாம், ‘இடர்’ என்போம்

கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி பற்றிய பேச்சில் ‘ரிஸ்க்’ தவறாமல் வரும். தமிழில் எழுதும்போது பலர் அதை ‘ஆபத்து’ என்று போட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

இத்தாலிய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் ரிஸ்க். கப்பலில் சரக்கு அனுப்பிய வணிகர்களிடம் புழங்கியது. சரக்கு மூழ்கலாம், பத்திரமாகப் போயும் சேரலாம். அந்த ‘லாம்’தான் இச்சொல்லின் உயிர். வடமொழி வழி வந்த ‘ஆபத்’தில் அது இல்லை, கேடு வாசலுக்கே வந்துவிட்டது போல ஒலிக்கும். ‘சிறிய ஆபத்து உண்டு’ என்று படிக்கும் கர்ப்பிணிக்கு ‘சிறிய’ கண்ணில் படாது.

இதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் இடர். பழைய பொருள் துன்பம். ‘இடர் மேலாண்மை’ போன்ற வழக்குகளால், நேரக்கூடிய தீங்கு என்ற பொருளும் இன்று பழகிவிட்டது. ‘இடர்வாய்ப்பு’ என்றும் எழுதுகிறார்கள். ‘வாய்ப்பு’ நல்லதைச் சொல்வதாகவே காதில் விழுவதால் எனக்கு அது ஒட்டவில்லை.

அப்புறம், பயனையும் இடரையும் ஒப்பிடுவதற்குச் ‘சீர்தூக்கல்’. துலாக்கோலைச் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்கிறது குறள். ஊசியின் இடரை ஒரு தட்டில் வைத்துவிட்டு, நோயின் இடருக்கான தட்டைக் காலியாக விட்டால் அது சீர்தூக்கலே அல்ல. போடாமல் இருந்தால் இடரே இல்லை என்ற எண்ணம் அந்தக் காலித் தட்டிலிருந்துதான் வருகிறது.

ஃப்ளூ ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ். கை வலிக்கலாம், லேசாகக் காய்ச்சல் வரலாம். மறுதட்டில், கர்ப்பிணியை மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கும் ஃப்ளூ. கக்குவான் இருமல் ஊசியில் பயன் இன்னும் கனமானது: தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குப் போய், பிறந்த முதல் வாரங்களில் காக்கிறது.

தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசி அப்படியல்ல. அதில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ் என்பதால் பிரசவத்துக்குப் பிறகு போடுகிறார்கள். சரி, கர்ப்பம் என்று தெரியாமல் போட்டுக்கொண்டால்? கருவுக்கு இடர் என்பது கருத்தளவில்தான். அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. இந்த இடத்தில் ‘ஆபத்து’ என்று எழுதுவது கொடுமை.

வெறிநாய்க்கடி என்றால் தராசு ஒரே பக்கம் சாயும். ரேபிஸ் அறிகுறி வந்தபின் பிழைப்பது மிக அரிது. அதனால் கர்ப்பத்தைக் காரணம் காட்டி அந்த ஊசியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.