புல்லட்டுக்கு ரேஸ் கேம் போடும் முன்

"அண்ணே, ரேஸ் கேம் போட்டா வண்டி எவ்வளவு கூடப் போகும்?" பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டோடு பட்டறைக்கு வருகிற தம்பிகளில் பாதிப் பேர் சைடு ஸ்டாண்டு போடும்போதே இதைக் கேட்டுவிடுகிறார்கள். உள்ளே இருக்கிற கேமை, அதாவது வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற மூக்குள்ள சுழலும் துண்டை, முதலில் அளந்து பார்ப்போம் என்பதுதான் நான் எப்போதும் சொல்கிற பதில்.

திருவொற்றியூரில் செய்த அந்தப் பழைய 350 புல்லட்டின் கணக்கு இது: 346 சிசி. பிஸ்டன் விட்டம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்குகிற தூரம் 90. கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் கலவையை அமுக்குகிற விகிதம், 6.5-க்கு 1 அளவில்தான். கனமான பிளைவீல். சுமார் 18 குதிரைத்திறன். மெதுவான சுற்றில் நின்று இழுப்பதற்காகவே செய்த எஞ்சின்.

வலது பக்க டைமிங் கவருக்குள், கலவை உள்ளே வருகிற இன்டேக்குக்கு ஒன்று, புகை வெளியே போகிற எக்ஸாஸ்ட்டுக்கு ஒன்று எனத் தனித்தனியாக இரண்டு கேம் இருக்கும். கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குகிற தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் இவை ஒரு சுற்று சுற்றும். வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு உயரும், எப்போது மூடும் என்பதெல்லாம் கேம் மூக்கின் வடிவத்தில் அடங்கியிருக்கிறது. இதில் ஓட்டுகிறவர் கைக்கு அதிகம் தெரிவது இன்டேக் வால்வு மூடுகிற நேரம்தான்.

பிஸ்டன் அடிமட்டம் போய்த் திரும்பி ஏற ஆரம்பித்த பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பெட்ரோல் கலவை பாய்ந்து வருகிற வேகத்தில், பிஸ்டன் எதிரே ஏறினாலும் அது உள்ளே வந்துகொண்டே இருக்கும். ரேஸ் கேம் இந்த நேரத்தை இன்னும் நீட்டுகிறது. நிமிஷத்துக்கு 5,500 சுற்றில் அது லாபம். 2,000 சுற்றில் கலவைக்கு அந்த வேகம் கிடையாது. உள்ளே வந்ததில் ஒரு பகுதியைப் பிஸ்டனே கார்புரேட்டர் பக்கம் திருப்பித் தள்ளிவிடும். ஏற்கெனவே 6.5 கம்ப்ரெஷன். அதிலும் கலவை குறைந்தால் இழுவை எங்கிருந்து வரும்? இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கிற நேரமும் கூடுவதால், ஐட்லிங்கில் எரிந்த புகை இன்டேக் பக்கம் ஏறும். புல்லட்டுக்கென்றே இருக்கிற அந்தத் தாளம் தப்பிப்போகும்.

சேலத்துத் தம்பி ஒருவருக்கு இதுதான் நடந்தது. வேறு ஒரு இடத்தில் கேம் மாற்றியிருந்தார். பைபாஸில் வண்டி பறக்கிறது என்றார். ஆனால் ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றுக்கும் முதல் கியர் போட வேண்டியிருந்ததாம். முன்பு இரண்டாவதிலேயே ஏறிய வண்டி. கம்ப்ரெஷன் கேஜ் மாட்டிக் கிக்கரை மிதித்தேன்; முள் ஏறவே தயங்கியது. கேம் கோத்ததில் தவறில்லை, டைமிங் புள்ளிகள் சரியாகவே இருந்தன. சிலிண்டர் ஹெட், கார்புரேட்டர், சைலன்சர் எல்லாம் பழையபடி இருக்க, கேம் மட்டும் மாறியிருந்தது.

பவர் குறைவதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. இந்தக் கேமோடு வண்டி ஓடச் சுகமாக இருப்பது மேல் சுற்றில்தான் என்பதால், ஓட்டுகிறவர் தானாகவே திருகிக்கொண்டே இருப்பார். 5,500 சுற்றை 6,500 ஆக்கினால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தருகிற இழுப்பு ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். அதைத் தாங்க வேண்டியது, கனெக்டிங் ராடு கிராங்கோடு சேர்கிற பிக் எண்டில் இருக்கிற ஃபுளோட்டிங் புஷ் என்கிற உலோக வளையம். அது சிதைந்து கிராங்க் வரை போன எஞ்சின்களைப் பிரித்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கேமை மாற்றியே தீர வேண்டுமா, சரி. பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, ஹெட்டை மாட்டி, கையால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பிரித்து, வால்வு அழுத்திய இடத்தைப் பிளேடால் வெட்டித் தடிமன் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நான் கோக்க மாட்டேன். வால்வு ஸ்பிரிங் முழுசாக நெருங்கி முட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

ஆனால் பவர் போச்சு என்று வருகிற வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது தேய்ந்த கேம். டயல் கேஜை (நுண்ணிய அசைவை அளக்கிற கருவி) டாப்பெட் (கேம் மூக்கு தள்ளி உயர்த்துகிற துண்டு) மேல் நிறுத்தி எஞ்சினைச் சுற்றினால் மூக்கு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். டாப்பெட்டை வெளியே எடுத்து அதன் பாதத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் பாதம் குழிந்துவிட்டது. கேமின் மேல்தோல் மட்டும்தான் கடினம். அது போய்விட்டால் தேய்மானம் சரசரவென்று இறங்கும். பழைய டாப்பெட்டோடு புது கேமைக் கோத்தால் அந்தக் கேமும் சீக்கிரம் போகும். இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். வெல்டு வைத்துக் கண்மதிப்பில் கிரைண்டிங் அடித்த கேம் வேண்டவே வேண்டாம். மூடும் சரிவு கெட்டிருந்தால் வால்வு சீட்டில் சுத்தியலாக விழும்.

சேலத்துத் தம்பி பழைய கேம்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். இன்டேக் கேம் நன்றாக இருந்தது. எக்ஸாஸ்ட் கேம் மூக்கு மழுங்கியிருந்தது. ரேஸ் கேம் போடும் முன்பே வண்டி சோர்ந்திருந்ததற்குக் காரணமே அதுதான். ரேஸ் கேமைக் கழற்றி, பழைய இன்டேக் கேமையே திரும்பக் கோத்து, எக்ஸாஸ்ட் கேமும் அதன் டாப்பெட்டும் புதிதாகப் போட்டோம். எஞ்சின் ஆறியிருக்கும்போது புஷ்ராடு (டாப்பெட்டின் அசைவை வால்வு பக்கம் கொண்டுபோகிற கம்பி) விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அந்த அளவில் டாப்பெட்டை வைத்தோம். கேம் மூக்குகளில் ஆயிலைத் தாராளமாகப் பூசி, ஸ்டார்ட் பண்ணிய முதல் 15 நிமிஷம் ஐட்லிங்கில் விடாமல் கொஞ்சம் ஏற்றியே ஓடவிட்டோம். ஆறியதும் ஆயிலை வடித்து மாற்றினேன். மறு ஞாயிறு மேலே ஏரிக்கரையிலிருந்து போன் பண்ணினார்: "அண்ணே, எல்லா வளைவும் ரெண்டாவது கியர்தான்."