குதிரைக்குத் திமிரா, வயிற்றெரிச்சலா?

"குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்" என்பார்கள். குதிரையேற்றம் பழகும் வாசகி ஒருவர் அனுப்பிய கேள்வியைப் படித்ததும் அந்தப் பழமொழிதான் நினைவுக்கு வந்தது. மாதக்கணக்கில் சாதுவாக இருந்த குதிரை, இப்போது சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கப் போனாலே கடிக்க வருகிறதாம். மெல்ல நடத்தினால் தொந்தரவு இல்லை. டிராட்டுக்கு, அதாவது நடையைவிட வேகமான துள்ளோட்டத்துக்கு, விரட்டினால் காதை மடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. இன்னும் விரட்டினால் பின்னங்கால்களை உதறித் துள்ளுகிறது. பயிற்சியாளரோ, "திமிர் ஏறிப்போச்சு, ரெண்டு போடு" என்கிறாராம். அறிவியல் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறார்.

குழி பறிக்கிற வேலையெல்லாம் குதிரைக்குத் தெரியாது. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடப்பட்டு வந்த விலங்கு அது. துன்பம் எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்து அந்த நொடியே விலகப் பார்க்கும். ஆகவே நாம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: அந்த நொடியில் அதற்கு என்ன துன்பம்?

எல்லாரும் சொல்லும் காரணங்களை வேகமாகக் கடந்துவிடுவோம். முதலில் பல். குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வெளியே வந்துகொண்டே இருக்கும். சரியாக அரைபடாத ஓரங்கள் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும். அதோடு கடிவாளத்தையும் இழுத்தால் தலையை உதறாமல் என்ன செய்யும்? அடுத்தது சேணம். தீனிக்கும் பயிற்சிக்கும் ஏற்பக் குதிரையின் முதுகு மாறும், சேணம் மாறாது. போன வருஷம் கச்சிதமாகப் பொருந்தியது இந்த வருஷம் அழுத்தலாம். பிறகு கண். கொலராடோவில் 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் சாதனம் ஒன்றைக் குதிரைகளுக்குக் காட்டிப் பழக்கினார்கள். அதையே திருப்பி வைத்ததும், புதுப்பொருளைக் கண்டதுபோலக் குதிரைகள் மிரண்டன. போகும்போது கண்டுகொள்ளாத பொருளைப் பார்த்துத் திரும்பி வரும்போது துள்ளுகிற குதிரை நடிக்கவில்லை என்பதற்கு இது போதும்.

வாசகியின் குதிரையிடம் மூன்று தடயங்கள் இருக்கின்றன. சமீபத்தில் தொடங்கியிருக்கிறது, வார் இறுக்கும்போது வருகிறது, நடையில் இல்லாமல் டிராட்டில் வருகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் முதலில் இரைப்பை மேல்தான் போகும்.

நம் இரைப்பை சாப்பாட்டு நேரத்தை ஒட்டி அமிலச் சுரப்பைக் கூட்டும். குதிரையின் இரைப்பைக்கு அந்தக் கணக்கு கிடையாது. தின்றாலும் தின்னாவிட்டாலும், இரவானாலும் பகலானாலும், அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கிற விலங்குக்கு இது ஒரு குறையே இல்லை. புல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், கூடவே உமிழ்நீரும் போகும். அந்த உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட் அமிலத்தை மட்டுப்படுத்தும். வம்பு எங்கே என்றால், குதிரைக்கு வாயில் எதையாவது மென்றால்தான் உமிழ்நீர் சுரக்கும். லாயத்தில் கட்டிப்போட்டு, இரண்டு வேளை தானியம் வைத்துவிட்டு, நடுவில் பட்டினி போட்டால் அமிலம் மட்டும் ஊறிக்கொண்டிருக்கும்.

அந்த இரைப்பையின் உள்ளே பார்த்தால் அசந்துபோவீர்கள். சுமார் 3 மீட்டர் நீளமுள்ள எண்டோஸ்கோப்பை, அதாவது கேமரா பொருத்திய குழாயை, மூக்கு வழியாக விட்டால், நடுவே ஒரு மேடான விளிம்பு வளைந்து வளைந்து ஓடும். அதற்குக் கீழே செக்கச்செவேல் என்று ஈரமான சுரப்பிப் பகுதி. அமிலம் ஊறுவது இங்கேதான், அதைத் தாங்குகிற சளிப்படலம் இருப்பதும் இங்கேதான். விளிம்புக்கு மேலே வெளிறிய பகுதி. உணவுக்குழாயின் உட்தோலையே நீட்டிவிட்டதுபோல இருக்கும். அமிலத்தைத் தடுக்கச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கவசமும் அதற்குக் கிடையாது. அமிலம் பட்டுக்கொண்டே இருந்தால் புண்ணாகிவிடும். குதிரை சும்மா நிற்கும்போது அமிலம் கீழே கிடக்கும், நார்த்தீனி மேலே மிதக்கும். மேல்பகுதிக்கு ஆபத்தில்லை.

ஓடவிட்டால்? லோரென்சோ ஃபிகேராஸ், மெரிட் என்ற இருவர் புளோரிடாவில் இதைச் சோதித்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குதிரைகளை டிரெட்மில்லில் ஏற்றி, இரைப்பைக்குள் அழுத்தமும் அமிலத்தன்மையும் எப்படி மாறுகின்றன என்று பார்த்தார்கள். வேகம் கூடியதும் வயிற்றுத் தசைகள் இறுகின, வயிற்றறையின் அழுத்தம் ஏறியது, இரைப்பை பிழியப்பட்டுச் சுருங்கியது. அதே நேரத்தில் மேல்பகுதியில் அமிலத்தன்மை சட்டென்று உயர்ந்தது. நடைக்குத் திரும்பியதும் தணிந்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குலுங்கித் தெறிப்பது என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்த சங்கதியில், ஓடும் உடலே தன் இரைப்பையைப் பிழிந்து அமிலத்தை மேலே தள்ளுகிறது! நடக்கும்போது சும்மா இருந்து, டிராட்டில் மட்டும் முரண்டு பிடிக்கும் குதிரைக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்காது.

சவாரிக்கு அரைமணி முன்னதாகக் கொஞ்சம் வைக்கோலோ உலர்புல்லோ கொடுக்கச் சொல்வதும் இதனால்தான். மெல்லும்போது உமிழ்நீர் ஊறும். நாரும் இரைப்பையில் ஒரு பாய்போல மிதந்து அமிலம் மேலேறாமல் தடுக்கும். நிறைகுடம் தளும்பாது என்பது இங்கே அப்படியே பொருந்தும். வெறும் வயிற்றோடு ஓடினால்தான் லேசாக இருக்கும் என்ற நம்பிக்கையைக் குதிரை விஷயத்தில் விட்டுவிடுவது நல்லது.

இதை வைத்து வீட்டிலேயே நோயைத் தீர்மானிக்க வேண்டாம். இரைப்பையில் புண் இருந்தும் அமைதியாக இருக்கும் குதிரைகள் உண்டு. புண் இல்லாமலே, விலாவிலோ முதுகிலோ வலி இருப்பதால் வாரைக் கண்டு கடிப்பவையும் உண்டு. எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தால்தான் உறுதி. புண் இருந்தால் கொடுப்பது பெரும்பாலும் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல். மனிதர்கள் விழுங்குகிற அதே மருந்து.

வலிக்கும் குதிரையை ஸ்கோப் இல்லாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவர் குழுவினரும் 2018-இல் 24 நடத்தைகள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். காதைப் பின்னால் சாய்த்தபடியே வைத்திருப்பது, வாயைப் பிளப்பது, வாலைச் சுழற்றி அடிப்பது, வெறித்துப் பார்ப்பது, திடீரென்று நிற்பது போன்றவை அதில் வரும். சவாரியின்போது இவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால், எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். இதற்குக் கண்ணும் பொறுமையும் போதும். ஆனாலும் நெற்றிச் சுழியைப் பார்த்துக் குணத்தைச் சொல்லிவிடுகிறவர்களுக்கு வாயைத் திறந்து பல்லைப் பார்க்க மட்டும் நேரம் இருப்பதில்லை. ஆய்வுப்பணமும் பந்தயக் குதிரை பின்னால்தான் ஓடுகிறது என்பது என் வருத்தம். சவாரிப் பள்ளியில் நாளெல்லாம் புதியவர்களைச் சுமக்கிற கிழட்டுக் குதிரையைப் பற்றி யாருக்குக் கவலை?

இனி அந்த "ரெண்டு போடு" விஷயம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், மாடர்ன் பென்டாத்லான் என்ற, குதிரையேற்றமும் சேர்ந்த ஐந்து விளையாட்டுப் போட்டியில் முன்னிலையில் இருந்த ஜெர்மனியின் அனிகா ஷ்லோய்க்குக் குலுக்கலில் கிடைத்த குதிரை செயின்ட் பாய். பழகிக்கொள்ளக் கொடுத்தது 20 நிமிடம். அன்று அதற்கு முன் வேறொரு வீராங்கனையுடனும் அது தாண்ட மறுத்திருந்தது. அடித்தும் விரட்டியும் பார்த்தார்கள், குதிரை மசியவில்லை. பயிற்சியாளர் அதைக் கையால் குத்தியதற்காக வெளியேற்றப்பட்டார். பாரிஸ் 2024-க்குப் பிறகு அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டது.

அடி எடுபடாததற்குக் காரணம், குதிரை கற்கும் விதம். அழுத்தம் எப்போது விலகுகிறதோ, அந்தக் கணத்தில் தான் செய்ததைத்தான் அது கற்றுக்கொள்கிறது. காலால் விலாவை அழுத்துகிறோம், அது முன்னே போகிறது, உடனே காலைத் தளர்த்துகிறோம்: போகவேண்டும் என்று புரிந்துகொள்ளும். காலால் விரட்டிக்கொண்டே கையால் லகானையும் இழுத்துப் பிடித்தால், எது சரி என்று அதற்குத் தெரியாது. துள்ளியதும் நாம் பயந்து இறங்கிவிட்டால், துள்ளல்தான் சரியான விடை என்று பதிந்துவிடும். இரைப்பை எரிகிற குதிரையை டிராட்டில் அடித்தால், டிராட் என்றாலே இரண்டு வலி என்றும் பதியும்.

ஆகவே வாசகிக்கு: மருத்துவர் பார்க்கும்வரை சவாரி வேண்டாம். புண் ஆறின பிறகும் வாரைக் கண்டதும் சில நாள் பல்லைக் காட்டினால் மிரள வேண்டாம். அது பழைய பாடம். ஒரு துளை இறுக்குங்கள், நாலு எட்டு நடத்துங்கள், அப்புறம் அடுத்த துளை.