பிசிஆர் கிட் தயாரிக்க எந்த உரிமம்? சேலத்தில் தொழில் தொடங்குவோருக்கு

சேலத்தில் உயிரித் தொழில்நுட்பம் படித்தவர்கள் மூலக்கூறு நோயறிதலுக்கான, அதாவது கிருமியின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் போன்ற சோதனைகளுக்கான வினைபொருள்களை இங்கேயே தயாரிக்க எண்ணினால், இடத்துக்கும் இயந்திரத்துக்கும் வங்கிக் கடனுக்கும் முன்பாக முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பொருள் எதற்குப் பயன்படும் என்று லேபிளில் எழுதப்போகிறோம் என்பதே அது.

2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் மருத்துவக் கருவிகள் விதிகள், 2017, நோயறிதல் கிட்களை ஆபத்தின் அளவைக் கொண்டு ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. மாதிரி சேகரிக்கும் குப்பி ஏ வகுப்பில் வரும். காசநோய்க் கிருமியைக் கண்டறியும் பிசிஆர் கிட் சி வகுப்பிலும், எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி (ஹெபடைடிஸ்) பி, ஹெபடைடிஸ் சி ஆகியவற்றுக்கான கிட்கள் டி வகுப்பிலும் வரும். உள்ளே இருக்கும் நொதி ஒன்றே ஆனாலும், முடிவு தவறினால் நோயாளிக்கும் அவரைச் சுற்றியுள்ளவர்களுக்கும் நேரும் கேடு எவ்வளவு என்பதைப் பொறுத்தே வகுப்பு அமைகிறது. ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று எழுதி விற்ற வினைபொருளை நோயாளியின் பரிசோதனைக்குத் தருவது இந்த ஏற்பாட்டையே வீணாக்கும் செயல். அதைக் குறுக்குவழியாக யாரும் கருதக் கூடாது.

ஏ, பி வகுப்புகளுக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும், சி, டி வகுப்புகளுக்கு மத்திய உரிம அதிகாரியும் உற்பத்தி உரிமம் தருகிறார்கள். முன்னதற்குத் தொழிற்கூடக் கட்டணம் 5,000 ரூபாய், ஒவ்வொரு பொருளுக்கும் 500 ரூபாய். பின்னதற்கு 50,000 ரூபாய், பொருளுக்கு 1,000 ரூபாய். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் செலுத்திவந்தால் உரிமம் தொடரும்.

இதற்கு முந்தைய படியைப் பலர் தவறவிடுகிறார்கள். சோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் சிறிய அளவில் தயாரிப்பதற்கே எம்டி-12 படிவத்தில் விண்ணப்பித்து, எம்டி-13 என்னும் சோதனை உரிமம் பெற வேண்டும்.

முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் மாவட்டத் தொழில் மையத்தில், புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தைப் பற்றிக் கேட்கலாம். அதில் 25 விழுக்காடு மூலதன மானியம், 75 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

சந்தையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் நோயறிதல் கிட்களுக்கும் வினைபொருள்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, திரவ வினைபொருளிலிருந்து உலர் வினைபொருளுக்கு நகரும் போக்கைத்தான். திரவ நொதிக் கலவையைப் பொதுவாக மைனஸ் 20 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கும், அங்கிருந்து சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கும் அந்தக் குளிர் குறையாமல் கொண்டுசேர்ப்பது கடினம். உலர் வினைபொருளுக்கு அந்தக் குளிர் தேவைப்படுவதில்லை. ட்ரூநாட் போன்ற சிறிய பிசிஆர் கருவிகள் சிறு சுகாதார நிலையங்கள் வரை சென்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் சாதாரண வெப்பநிலையில் கெடாது என்று லேபிளில் எழுதுவதற்கு, அதை நிலைத்தன்மைச் சோதனைகளால் நிறுவி, அந்தத் தரவுகளை உரிம விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும். உரிமம் பெற்ற பின் தரத்தைப் பாதிக்கும் வகையில் தயாரிப்பு முறையையோ, ஆயுட்காலத்தையோ மாற்றினால், அது பெரிய மாற்றமாகக் கருதப்பட்டு முன் ஒப்புதல் தேவைப்படும். ஆகையால் திரவமா, உலர்வா என்பதைச் சோதனை உரிமக் கட்டத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.