புயலுக்குப் பெயர் உண்டு, சூட்டுக்கு இல்லை

மே மாதம். மண்டபத்துக்கு அருகே, பாக் நீரிணைப் பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வெப்பமானியைப் பார்த்தேன். 33 டிகிரி. பக்கத்தில் நின்ற அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. கடற்பாசி வளர்க்கும் மிதவையின் கயிறு ஒன்றைத் தூக்கிக் காட்டினார். கொத்துக்கொத்தாகத் தொங்க வேண்டிய பாசி கணுக்கணுவாக வெளுத்திருந்தது. தொட்டதும் விரலோடு கழன்று வந்தது. "கச்சான் இன்னும் விழவில்லை சார்" என்றார். அவருடைய வானிலை அறிக்கை அவ்வளவுதான்.

சரியான அறிக்கை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பினால் தண்ணீர் கலங்கிச் சூடு தணியும். காற்றே இல்லாத நாட்களில், ஆழம் குறைந்த இந்தக் கடல் தேங்கிய குளம்போலக் கொதிக்கும். சித்திரை, வைகாசியில் இது பழைய கதை. ஆனால் கடலின் அடிப்படைச் சூடே ஏறிவிட்டதால், முன்பு பாசி சமாளித்துக் கடந்த அந்தச் சில நாட்கள் இப்போது அதைக் கொன்றுவிடுகின்றன.

இங்கே வளர்ப்பது கப்பாஃபைகஸ் என்ற பாசி. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறுகள், கயிற்றுக்கு 20 துண்டுகள், துண்டு ஒன்று 150 கிராம். ஆக 60 கிலோ விதை. 45 நாளில் நன்றாக வந்தால் 200 கிலோவைத் தாண்டும். அதிலிருந்தே 60 கிலோவை எடுத்து அடுத்த நடவுக்குக் கட்ட வேண்டும். நெற்பயிர் கருகினாலும் விதைநெல் குதிரில் இருக்கும். இங்கே குதிரும் கடலுக்குள்தான். 2013-க்குப் பிறகு இந்தக் கரையில் பாசி பெருமளவில் மடிந்தபோது, பலரை முடக்கியது போன விளைச்சல் அல்ல, கிடைக்காத விதை.

(இது வெளிநாட்டுப் பாசி, அருகிலுள்ள குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மீது படர்ந்தது என்ற குற்றச்சாட்டு உண்டு. நியாயமான குற்றச்சாட்டுதான். அதே பவளங்கள் 2010-லும் 2016-லும் வெளுத்ததற்குக் காரணமும் இதே சூடுதான்.)

2017-ல் ஒக்கி வந்தபோது கன்னியாகுமரி மாவட்டக் கரை பட்ட பாட்டை நாடே பார்த்தது. புயலுக்குப் பெயர் உண்டு, தேதி உண்டு. உடைந்த படகை எண்ணலாம், நிவாரணம் எழுதலாம். வெந்நீருக்கு அப்படி எதுவும் இல்லை. 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அது கரையில் வெயிலுக்குப் பலியாகிறவர்களை நினைத்து வந்த அறிவிப்பு. கடலுக்குள் வெந்துபோகும் பாசியை அந்தக் கணக்கில் சேர்க்க ஒரு படிவம்கூட நான் பார்த்ததில்லை. தங்கள் பெயரில் படகு இல்லாத பெண்களின் இழப்பு என்பதால் இன்னும் எளிதாக விடுபட்டுப்போகிறது.

எல்லாவற்றையும் பருவநிலை தலையில் கட்டவும் கூடாது. கேரளத்தில் 2012-ல் சுமார் 4 லட்சம் டன் பிடிபட்ட மத்தி, 2021-ல் 3,300 டன்னாகச் சரிந்தது. கடலின் மாற்றம் ஒரு பக்கம், குஞ்சு மீனையும் விடாமல் அள்ளியது மறு பக்கம்.

ஐதராபாத்தில் உள்ள பெருங்கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் வழியாகக் கடல்மேற்பரப்பின் சூட்டைக் கணித்துப் பவள வெளுப்பு எச்சரிக்கை தருகிறது. அதே எச்சரிக்கை பாசிக்கும் பயன்படும். அதைப் பாசிக்காரப் பெண்களின் செல்பேசிக்குத் தமிழில் கொண்டுசேர்ப்பது என்னைப் போன்றவர்களின் வேலை. பல ஆண்டுகள் அதைச் செய்யாமல் இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முன்கூட்டியே தெரிந்தால் என்ன செய்யலாம்? முற்றும்வரை காத்திராமல் அறுத்துக் காயவைக்கலாம். விதைக்கான மிதவைகளை மட்டும் ஆழமான பக்கம் இழுத்துக் கட்டலாம். இந்த இரண்டாவது யோசனையை அந்த அக்காவிடம் சொன்னேன். "அங்கே கால் எட்டாதே சார், வத்தை (சிறு படகு) வேண்டும். வத்தையைத்தான் அவர் நண்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறாரே" என்றார். இப்போது நான்கு குடும்பத்துக்கு ஒரு வத்தை என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.