நைலோனை அவிப்பது இறுக்குவதற்கு அல்ல

ரிமோட் காரில் சில்லைத் தாங்கும் நைலோன் சஸ்பென்ஷன் ஆர்ம் இது, இந்த வாரம் திருத்த வந்ததில் நான்காவது. நான்கும் ஒரே இடத்தில், வெளிப்பக்க ஹிஞ்ச் பின் (ஆர்ம் அசையும் அச்சுக்கம்பி) துளையருகே முறிந்திருக்கின்றன. முறிவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வளைந்த அடையாளமும் இல்லை, இழுபட்டு வெளிறிய தழும்பும் இல்லை. பிஸ்கட் உடைந்ததுபோல் சுத்தமாக இருக்கிறது. பொதியைக் கிழித்த அன்றே பூட்டி, பின்னேரமே நடைபாதைக் கல்லில் மோதவிட்டால் நைலோன் இப்படித்தான் போகும்.

"அண்ணை, அவிச்சுத்தானே போட்டனான், இறுகியிருக்க வேணுமே?" என்று கொண்டு வந்தவர் கேட்கிறார்.

இந்த 'இறுகி'தான் பிரச்சினையே. முட்டை அவித்தால் இறுகும், மண்சட்டி சுட்டால் இறுகும். நைலோன் அவித்தால் இளகும், தம்பிமாரே! இளக வேண்டும் என்றுதான் அவிக்கிறோம். அச்சிலிருந்து வெளிவரும் நைலோனில் ஈரம் கிட்டத்தட்ட இல்லை. அது விறைப்பாக இருக்கும், ஆனால் அடி தாங்காது. தண்ணீர் உள்ளே போனால்தான் வளைந்து கொடுத்துத் திரும்பும். சூட்டுக்கு இதில் ஒரே வேலை, தண்ணீரை விரைவாக உள்ளே அனுப்புவது. கேத்தல் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிஷம் வைத்தால் மேற்தோல் மட்டுமே குடிக்கும். ஓவனில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே இருக்கிற கொஞ்ச ஈரமும் போய்விடும்.

'கொழும்புக் காற்றே ஈரந்தானே' என்பது நியாயமான கேள்வி. வெள்ளவத்தைப் பக்கம் திறந்த யன்னலருகே தொங்கவிட்டால் தானாகவே குடிக்கும்தான். ஆனால் 4 மில்லிமீற்றர் தடிப்புக்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். இரவு பகலாக ஏசி ஓடும் அறையில் இன்னும் தாமதம்.

அவிக்கும் முன் பெயாரிங், உலோகப் பந்துகள், பின்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சிறிய டிஜிட்டல் தராசில் ஆர்மை நிறுத்து எடையைக் குறியுங்கள். சட்டியின் அடியில் பழைய துணியொன்றை விரித்து (அடிச்சூடு பட்டால் ஆர்ம் கோணும்), மூழ்கும் அளவு தண்ணீரில் மெல்லக் கொதிக்க விடுங்கள். மெல்லிய பாகத்துக்கு அரை மணி நேரம், தடித்ததற்கு ஒரு மணி நேரம். அதே தண்ணீரிலேயே ஆறவிட்டு, துடைத்து, திரும்ப நிறுங்கள். 20 கிராம் ஆர்ம் 20.4 முதல் 20.6 வரை ஏறியிருந்தால் போதும். ஏறவில்லையென்றால் திரும்பச் சட்டிக்குள். கண்ணாடி நார் கலந்த நைலோன் இதைவிடக் குறைவாகவே குடிக்கும், அதை எண்ணிப் பதற வேண்டாம். பிறகு ஒரு பொலித்தீன் பையில் கட்டி ஒரு நாள் வையுங்கள், மேற்தோலின் ஈரம் நடுவுக்குப் போகட்டும்.

ஈரம் குடித்த நைலோன் சற்று உப்பும். ஹிஞ்ச் பின் இறுகினால் துளையை ரீமர் என்ற துளை அகட்டும் கருவியால், கையாலேயே சீராக்குங்கள். துளையிடும் மெஷினைத் தொடாதீர்கள்.

கண்ட எல்லாவற்றையும் அவிக்கவும் கூடாது. பாகத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் பிஏ அல்லது பிஏ66 என்றிருந்தால் அது நைலோன். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் கொதிநீரில் உருக்குலையும். பிசி என்ற பொலிகாபனேற்று பிளாஸ்டிக்குக்குச் சுடுதண்ணீர் கேடு. அசெற்றல் பிளாஸ்டிக் பற்சக்கரம் தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு, கேஸ்தான் வீண். குறி இல்லையா? அவிக்காதீர்கள்.

அடுத்த பாவம், ஸ்குரூ கழராமல் பிடிக்கும் திரெட்லொக் பசையை பிளாஸ்டிக்கில் பூசுவது. உலோகத்துக்குள் உலோகம் போகும் இடத்துக்கு மட்டுமே அது. ஏபிஎஸ், பொலிகாபனேற்று இரண்டிலும் அது பட்டால் ஸ்குரூவைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் விழும். மெஷினால் ஸ்குரூ முறுக்குவதும் இதே வகை. உராய்வில் நைலோன் உருகி மரை அழிந்துபோகும். கையால் முதலில் பின்பக்கமாகச் சுற்றுங்கள். 'டிக்' என்று பழைய மரைக்குள் விழும். அதன் பிறகு முன்னுக்கு. தலை பதிந்ததும் நிறுத்துங்கள், இன்னொரு கால் சுற்று என்ற ஆசை வேண்டாம்.

காரின் மேல்மூடியான பொடி ஷெல் வெடித்தால் சுப்பர் குளூ வேண்டாம். கண்ணாடிபோல் இறுகி அடுத்த அடியிலேயே பிளக்கும். வெடிப்பின் நுனியில் 2 மில்லிமீற்றர் துளை போட்டால் அது மேலே ஓடாது. உட்புறத்தில் ஜிப்சம் கூரைப் பலகை மூட்டுக்கு ஒட்டும் வலை நாடாவை வைத்து, ரப்பர்போல் இறுகும் சப்பாத்துப் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். தின்னர், பெற்றோல், அசிற்றோன் கொண்டு ஷெல்லைத் துடைக்காதீர்கள், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போதும். புது ஷெல்லை வெட்டினால் மூலைகளை வளைவாக வெட்டி, விளிம்பை மணல்தாளால் தேய்த்துவிடுங்கள். வெடிப்பு தொடங்குவது அந்தக் கூர் மூலையில்தான்.

கடைசியாக ஒரு கெஞ்சல். பூஞ்சணம் பிடிக்குமென்று மாற்று ஆர்ம்களை இறுக்கமான பெட்டியில் போட்டு, சிலிக்கா ஜெல் பையும் வைக்கிறீர்களே, அந்தப் பை நைலோனுக்குள் இருக்கும் ஈரத்தைத்தான் உறிஞ்சுகிறது. அதை எடுத்துக் கமராப் பெட்டிக்குள் வையுங்கள்.