பச்சை பட்டனைத் தாண்டியும் கற்றுக்கொடுங்கள்

கோவையில் ஒரு பட்டறை. சிஎன்சி டர்னிங் சென்டர், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின், நான்கு ஓடுகிறது. பம்பு கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கிறார்கள். ஒரு நாள் காலையில் நான் போனபோது, சிவப்பு பெயிண்ட் அடித்த ஜாப்கள் (கடைந்த பாகங்கள்) ஒரு டிரே நிறைய ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. எண்ணிப் பார்த்தால் அறுபதுக்கு மேல். அத்தனையும் ராத்திரி ஷிஃப்டில் வந்த ரிஜெக்‌ஷன்.

அந்த ஜாப்பில் 25 மி.மீ. போர், அதாவது உள்துளை. எச்7 என்கிற துல்லிய அளவு. 25.000-க்குக் குறையக் கூடாது, 25.021-ஐத் தாண்டக் கூடாது. இடைவெளி வெறும் 21 மைக்ரான், அதாவது 0.021 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

துளையைக் கடைகிற வெட்டு முனையான இன்சர்ட் தேயத் தேய போர் சிறுத்துக்கொண்டே வரும். அதை ஈடுகட்ட வியர் ஆஃப்செட்டில், அதாவது மெஷினில் பதியும் தேய்மானத் திருத்தத்தில், ஐந்து மைக்ரான், பத்து மைக்ரான் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். அன்றைக்கு அது 0.045 மி.மீ. வரை ஏறியிருந்தது. நடுராத்திரியில் முனை மழுங்கிவிட, ஆபரேட்டர் பையன் இன்சர்ட்டைத் திருப்பிப் புது முனையை வைத்தான். ஆஃப்செட்டை இறக்கவில்லை. மெஷினை ஓடவிடும் பச்சை பட்டனை அழுத்தினான். அதற்கப்புறம் வந்த போர் எல்லாமே பெரிசு. சின்னதாக இருந்தால் இன்னொரு தடவை கடைந்து எடுத்துவிடலாம், பெரிசாகிவிட்டால் காயலான் கடைக்குத்தான். துளைக்குள் விட்டு அளவு சரிதானா என்று பார்க்கும் ப்ளக் கேஜ் குவாலிட்டி அறையில் பூட்டிக் கிடந்தது. அவன் கையில் இருந்த வெர்னியர் 0.02 மி.மீ. வரைதான் காட்டும்.

"இன்சர்ட் மாத்தினா ஆஃப்செட்டையும் இறக்கணும்னு யாரும் சொல்லலைங்க சார். ஏத்தறது மட்டுந்தான் செட்டர் அண்ணன் சொல்லிக்குடுத்தாருங்க" என்றான். ஐடிஐ முடித்தவன். பொய் சொல்கிற முகம் இல்லை.

முதலாளி அவன் சம்பளத்தில் பிடிக்கப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்று தடுத்தேன். பேங்க் கடன் போட்டு லட்சக்கணக்கில் மெஷின் வாங்கியவர் அவர். அதன் முன்னால் நிற்கிறவனுக்கு எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "இரண்டு நாள் இருக்கும்" என்றார்.

22 வருடமாக மெஷின் ஷாப்களில் இருக்கிறேன். நான் பார்த்த பெரிய நஷ்டங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு நாளில்தான் போய் முடிகின்றன. மெஷின் கோளாறு, மெட்டீரியல் கோளாறு எல்லாம் அப்புறம்தான்.

நாட்டின் உற்பத்தித் துறையைப் பற்றி நாம் பேசாத நாள் இல்லை. 2011-ல் வந்த தேசிய உற்பத்திக் கொள்கை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இந்தத் துறையின் பங்கை 25 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்றது. 2014-ல் 'மேக் இன் இந்தியா' வந்தது. 2020-ல் உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டம் தொடங்கியது. இத்தனைக்குப் பிறகும் பங்கு அந்த 25 சதவீதத்தை எட்டவில்லை. நிலம், மின்சாரம், கடன், வரி என்று காரணங்கள் பல உண்டு, அவற்றைப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். ஷாப் ஃப்ளோரில் என் கண்ணுக்குத் தெரிகிற காரணத்தைத்தான் நான் சொல்ல முடியும். ஆளைத் தயார் செய்கிற வேலையை யாருமே தன் வேலையாக நினைப்பதில்லை.

கோவை இப்படி வளர்ந்த ஊர் இல்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின, மில்களுக்கு உதிரிபாகம் செய்யப் பட்டறைகள் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடு உள்நாட்டிலேயே எலெக்ட்ரிக் மோட்டார் செய்து காட்டினார். அதற்கெல்லாம் முன்பே, 1926-ல், பீளமேட்டில் பிஎஸ்ஜி தொழிற்பயிற்சிக் கூடம் ஆரம்பித்தாயிற்று. கற்றுக்கொடுக்கிற இடமும் தொழில் நடக்கிற இடமும் பக்கத்துப் பக்கத்திலேயே வளர்ந்தன. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஃபிட்டர், முதல் மாதம் முழுக்க ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவ வைத்தார். மட்டப் பலகையில் வைத்து, மூலை மட்டத்தை ஒட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஊசி அளவு வெளிச்சம் தெரிந்தாலும் திரும்ப ராவு என்பார். கை காய்த்துப் போனது. ஆனால் தட்டை என்றால் என்ன, செங்குத்து என்றால் என்ன என்று அந்த மாதத்தில்தான் கை கற்றுக்கொண்டது.

இன்றைக்கு ஆறு மாதம், ஏழு மாதத்துக்கு ஒரு கான்ட்ராக்ட் ஆள் என்று ஓட்டுகிறார்கள். "கத்துக்கொடுத்தா அடுத்த கம்பெனிக்கு ஓடிருவான்" என்று முதலாளிகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஓடுகிறவன் ஓடத்தான் செய்வான். கற்றுக்கொடுக்காத ஆள் ஓடாமல் அங்கேயே இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் சிவப்பு டிரே காட்டியது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களும் அந்தக் கணக்கில் வருவார்கள். நான்கு பேர் இருக்கிற சின்னப் பட்டறைகூட விருப்பப்பட்டால் எடுக்கலாம். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், பழகுநருக்குத் தரும் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே தருகிறது. இப்போது அது நேராகப் பழகுநரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. சின்னப் பட்டறைக்காரர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்தவர்களில் சிலர் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தது என்று பேக்கிங்கிலும் பர் (ஓரப் பிசிறு) எடுப்பதிலும் ஒரு வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தப் பையனின் ஒரு வருடம் திரும்பி வராது.

பெற்றோர் இதைக் கொஞ்சம் விசாரியுங்கள். பிள்ளையை அப்ரண்டிஸாக எடுக்கிறோம் என்று சொன்னால், ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா, எந்த டிரேடு, முடிவில் தேர்வு எழுதித் தேசியச் சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள். பயிற்சியின்போது அடிபட்டால் இழப்பீடு தருவது முதலாளியின் சட்டப் பொறுப்பு, அதையும் தெரிந்துவைத்திருங்கள். தகட்டை அழுத்தி வெட்டுகிற பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பட்டனில் ஒன்றைத் துணி சுற்றிக் கட்டி வைத்திருப்பதை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஒரு கை சும்மா இருந்தால் பீஸ் வேகமாக எடுக்கலாம் என்பதற்காகச் செய்வது. டையின் (அச்சின்) நடுவில் போவது அந்தச் சும்மா இருக்கிற கைதான். பையன்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இதைச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும்.

வடக்கிலிருந்து வந்தவர்கள் இன்று நம் பட்டறைகளில் நிறையப் பேர். சுவரில் எச்சரிக்கை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஒடிசாக்காரப் பையன் அதை எப்படிப் படிப்பான்? படம் போட்டு ஒட்டுங்கள், அவர்களில் பழையவர் ஒருவரை நிறுத்தி அவர்கள் மொழியிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

அந்தப் பட்டறைக்காரர் கடைசியில் சம்பளத்தில் கை வைக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் நான்கு மெஷினையும் நிறுத்துவது என்று முடிவாயிற்று. முதல் வாரம் முகம் சுளித்துக்கொண்டேதான் நிறுத்தினார். அந்த வாரம் ஆஃப்செட் மட்டும். அடுத்த வாரம் ப்ளக் கேஜ். அதைப் பூட்டி வைக்காமல் மெஷின் பக்கத்திலேயே ஒரு மரப்பெட்டியில் வைத்தோம், முனை மாற்றினால் முதல் பீஸை அதில் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது என்று. போன மாதம் போயிருந்தேன். அந்தப் பையன் சாக்பீஸை எடுத்து, புதிதாக வந்த ஒருவனுக்குத் தரையில் படம் போட்டுக்கொண்டிருந்தான். தேய்ந்த முனை ஒன்று, புது முனை ஒன்று, இரண்டுக்கும் நடுவில் 0.045.