கேபினட் என்றால் பெட்டிதான்

தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிட்டார் வாங்கியவருக்கு அடுத்து வரும் கேள்வி, வீட்டில் வைத்து வாசிக்க எந்த கேபினட், அதாவது ஸ்பீக்கர் பொருத்திய பெட்டி, வாங்கலாம் என்பது. இதைத் தமிழில் தேடிப் பாருங்கள். ‘பேஸ் அமைச்சரவை’ வந்து நிற்கும். சமையலறை அமைச்சரவை, குளியலறை அமைச்சரவை என்று எழுதிப் பழகிய அதே மொழிபெயர்ப்பு எந்திரங்கள், ஸ்பீக்கர் விஷயத்திலும் ஆட்சி அமைத்துவிட்டன. இதை எதிர்த்து வாதிட ஒன்றும் இல்லை, சிரித்துவிட்டுப் போகலாம். மனிதர்கள் யோசித்து, தெரிந்தே செய்த மொழிபெயர்ப்புகள் இரண்டு உண்டு. எனக்கு ஆகாதவை அவை. ஒன்று ‘ஒலி அலமாரி’, இன்னொன்று ‘அதிர்வுப் பெட்டி’.

முதலில் சொல்லின் வரலாறு, சுருக்கமாக. கேபின் என்றால் சிறு அறை, குடில். அதைவிடச் சிறியது என்று காட்டும் சொல் கேபினட். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அரசர் நெருக்கமானவர்களோடு கூடிப் பேசிய உள்ளறைக்கு அந்தப் பெயர் இருந்தது, பிறகு அந்த அறையில் கூடியவர்களுக்கே பெயராகிவிட்டது. இன்னொரு பக்கம், விலையுயர்ந்த பொருள்களை வைக்கும் இழுப்பறை மரச்சாமானுக்கும் அதே பெயர். 1906இல் விக்ட்ரோலா என்ற கிராமபோன் வந்தது. அதுவரை வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாயை மரச்சாமானுக்குள் மடக்கி வைத்த கருவி அது. பாட்டுக் கருவிகளோடு கேபினட் என்ற சொல் ஒட்டிக்கொண்டதில் இதற்கும் பங்கு உண்டு. ரேடியோவும் அதே மர உடையை மாட்டிக்கொண்டது. நம் ஊருக்கு இவை வந்தபோது மக்கள் அலமாரி என்றா சொன்னார்கள்? பாட்டுப் பெட்டி, ரேடியோப் பெட்டி என்றார்கள். அதற்கு முன்பே ஆர்மோனியப் பெட்டியும் சுருதிப் பெட்டியும் நம்மிடம் இருந்தன. உள்ளே என்ன நடக்கிறதோ தெரியாது, வெளியே நாதம் வருகிறது, நாலு பக்கமும் அடைத்திருக்கிறது: பெட்டி. இதற்கு மேல் ஒரு கலைச்சொல் குழு கூட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஆனாலும் கூடினார்கள். ‘அலமாரி’க்காரர்களின் வாதம், கேபினட் என்பது மரச்சாமான், மரச்சாமானுக்குத் தமிழ் அலமாரி என்பது. ஆங்கிலம் வேண்டாம் என்று ஓடியவர்கள் போய் விழுந்தது போர்த்துகீசியத்தில். ‘அர்மாரியோ’ தான் அலமாரி. ஜன்னல், மேசை, சாவி வந்த அதே கப்பலில் வந்த சொல். அது போகட்டும், முந்நூறு நானூறு வருடம் குடியிருந்த சொல்லை வெளியே போ என்று நான் சொல்ல மாட்டேன். என் சண்டை பொருளைப் பற்றியது. அலமாரி என்றால் கதவு இருக்கும், தட்டு இருக்கும், எதையாவது உள்ளே வைத்து எடுக்கலாம். பேஸுக்கான ஸ்பீக்கர் கேபினட்டில் எதையும் வைக்க முடியாது, திறக்கவும் கூடாது. திறந்தால் அது கெட்டுப்போன கேபினட்.

‘அதிர்வுப் பெட்டி’ இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதைச் சொல்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். சிலர் ‘ஒலிக்குடம்’ என்பார்கள். இன்னும் சிலர் சங்க காலம் வரை போய், யாழின் குடத்துக்குச் சொன்ன ‘பத்தர்’ என்ற சொல்லையே எடுத்து வருவார்கள். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! வாதமும் பலமானது. வீணைக்குக் குடம் உண்டு. நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸுக்கும் மர வயிறு உண்டு. 1951இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது அந்த வயிற்றை எடுத்துவிட்டு வெறும் மரப்பலகையை வைத்தார். கருவிக்குக் குடம் போய்விட்டது, ஆகவே வெளியே வைக்கும் ஸ்பீக்கர் கேபினட்தான் இனி அதன் குடம் என்கிறார்கள்.

எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. குடம் அதிர வேண்டும். கேபினட் அதிரவே கூடாது.

தஞ்சாவூர் வீணையின் குடத்தைப் பலா மரத்தில் குடைந்து எடுக்கிறார்கள். தந்தியின் அசைவை வாங்கிக்கொண்டு அந்த மரமே பாட வேண்டும், அதற்காகத்தான் அவ்வளவு மெனக்கெடல். ஸ்பீக்கர் கேபினட் செய்பவர் படும் பாடு இதற்கு நேர் எதிர். தடித்த பிளைவுட் போட்டு, உள்ளே குறுக்குச் சட்டம் அடித்து, மூலைகளை இறுக்கி, பஞ்சும் திணித்து, மரம் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்கிறார். கடையில் ஒரு கேபினட்டின் பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று செத்த ஓசை வந்தால் நல்ல பெட்டி. ‘டம்ம்’ என்று இழுத்தால், நீங்கள் வாசிக்கும் ஏதோ ஒரு சுரத்துக்கு மட்டும் அந்தப் பலகை கூடவே பாடும்; அந்தச் சுரம் மட்டும் ஊதிப்போய்க் கேட்கும். ‘அதிர்வுப் பெட்டி’ என்ற பெயரை நம்பிப் போகிறவர் ‘டம்ம்’ என்பதைத்தான் தேர்ந்தெடுப்பார். நன்றாக அதிர்கிறதே என்று கடைக்காரரிடம் பாராட்டியும் விட்டு வருவார். ஒரு சொல் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: காசு போகும்.

அப்படியென்றால் பெட்டி எதற்கு? பின்பக்கத்தை அடைக்கத்தான். ஸ்பீக்கரின் கோன், அதாவது ஆடும் கூம்புத் தாள், முன்னால் தள்ளும்போது முன்னாலுள்ள காற்று நெருக்குண்டு நிற்கிறது. அதே சமயம் பின்னாலுள்ள காற்று தளர்கிறது. பேஸின் தடித்த இ தந்தி 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 முறை அதிர்வது. அதன் ஒரு அலையின் நீளம் ஏறத்தாழ 27 அடி. அவ்வளவு நீள அலைக்கு ஒரு சாண் அகல ஸ்பீக்கர் ஒரு தடையே அல்ல. முன்னால் நெருக்குண்ட காற்று ஓரமாக வளைந்து பின்னால் போய்ச் சேர்ந்துவிடும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பெட்டியிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரில் பேஸ் வாசித்தால் கோன் குதிப்பது கண்ணுக்குத் தெரியும், காதுக்கு அடி ஓசையே வராது. பின்பக்கத்தை மூடியதும் அந்தக் களவு நின்றுவிடுகிறது. பெட்டி ஓசையைக் கூட்டித் தருவதில்லை, இருப்பதைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. பெட்டி என்ற சொல்லின் பொருளும் இதுவே அல்லவா?

இங்கே ‘அதிர்வு’ அணியினர் கை தூக்குவார்கள்: துளை வைத்த பெட்டிகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒத்ததிர்வு நடக்கிறதே என்று. நடக்கிறது, மறுக்கவில்லை. பெல் ஆய்வுக்கூடத்து ஆல்பர்ட் துராஸ் 1932இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. பெட்டியில் அளவெடுத்து ஒரு துளையோ குழாயோ வைத்தால், அதிலுள்ள காற்று ஒரு குறிப்பிட்ட சுருதியில் முன்னும் பின்னும் ஆடி, கோனின் பின்பக்க ஓசையைத் திருப்பி, முன்பக்கத்துக்குத் துணையாக அனுப்பும். ஆனால் அங்கே ஆடுவது காற்று. மரம் அப்போதும் சும்மாதான் இருக்க வேண்டும். தவிர, மூடிய பெட்டிகளில் அந்தத் துளையும் கிடையாது. 1969இல் ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்விடி என்ற பேஸ் ஆம்ப்ளிஃபையரோடு வந்த, எட்டுப் பத்தங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட அந்தப் பிரம்மாண்டமான கேபினட்டை மேடைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், முழுக்க மூடியது. அதற்குப் பெயர் வைக்க முடியாத ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூடிய பெட்டி, துளைப் பெட்டி என்று சொல்லிப் பாருங்கள். விளக்கவுரையே வேண்டாம்.

சரி, அதிர்வு என்ற சொல்லுக்கு உரிய இடம் ஒன்று உண்டு. அது உங்கள் அறை. வீடு கட்டுபவர்கள் ‘பத்துக்குப் பன்னிரண்டு’ என்பார்களே, அந்த அறையையே எடுத்துக்கொள்வோம். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஓசை போய் வந்து கட்டிக்கொள்ளும் முதல் சுருதி, 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ் அளவில் வரும். 10 அடிக்கு 56 அல்லது 57. பேஸின் ஏ தந்தியைச் சும்மா மீட்டினால் 55. தரைக்கும் கூரைக்கும் நடுவேயும் 10 அடி என்றால் இரண்டு சோடிப் பரப்புகள் சேர்ந்து அதே ஏ சுரத்தை ஊதிப் பெருக்கும். அந்த அறையில் எவ்வளவு விலை கொடுத்த கேபினட்டை வைத்தாலும் ஏ மட்டும் குமுறும். வாங்கியவர் கேபினட்டைத் திட்டுவார். மூலையிலிருந்து இழுத்து, ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி வைத்தாலே பாதி குமுறல் அடங்கும்.

இதே கோளாறு ‘ஒலிபெருக்கி’யிலும் இருக்கிறது. கோயில் திருவிழாக் கூம்புக் குழாயும் ஒலிபெருக்கி, கேபினட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரும் ஒலிபெருக்கி, இரண்டுக்கும் பின்னாலிருந்து உழைக்கும் ஆம்ப்ளிஃபையரும் சில பாடநூல்களில் ஒலிபெருக்கி. உண்மையில் பெருக்குவது ஆம்ப் மட்டும்தான். ஸ்பீக்கர், வந்த மின்சாரத்தை ஓசையாக மாற்றுகிறது, அவ்வளவே. மைக் செட்டுக்காரர் இந்தக் குழப்பம் இல்லாமல் ஆம்ப்ளிஃபையர், குழாய், பாக்ஸ் என்று மூன்று பெயர் வைத்துப் பிழைக்கிறார். கலைச்சொல் ஆக்குகிறவர்கள் ஒரு நாள் அவரோடு வண்டியில் ஏறிப் போய் வந்தால் நல்லது. என் கட்சி: ஆம்ப் ‘பெருக்கி’, கேபினட் ‘பெட்டி’, ஸ்பீக்கர் ஸ்பீக்கராகவே இருக்கட்டும். ஆம்பும் கேபினட்டும் ஒன்றாக வரும் காம்போவை ‘பெருக்கி வைத்த பெட்டி’ என்றால் யாருக்கும் புரியும்.

பேஸ் என்ற சொல்லைத் தமிழாக்க நான் முயல மாட்டேன். இத்தாலியத்தில் பாஸ்ஸோ என்றால் தாழ்ந்தது. ஆங்கிலத்தில் ‘அடித்தளம்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் உச்சரிப்பு ஒன்று என்பதால் ‘அடிப்படை கிட்டார்’ என்ற விபரீதமும் நடந்திருக்கிறது. புதிதாகக் கற்பவர்களுக்கான கிட்டார் என்று நினைத்து வாங்கியவர் இருந்தால் ஆச்சரியமில்லை. தாழ்ந்த தாயிக்கு (ஸ்தாயி) பழைய தமிழிசைச் சொல் மெலிவு. நடுத் தாயி சமன், மேல் தாயி வலிவு. முறைப்படி பார்த்தால் இது ‘மெலிவுக் கிட்டார்’. தரையை அசைக்கும் கருவியைக் கையில் வைத்திருப்பவரிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

இனி வாங்கும் விஷயம். பெட்டி என்பது பின்காற்றை அடைக்கும் அடைப்பு என்று புரிந்துவிட்டால் தேர்வு சுலபம். வீட்டுக்கு ஒரே ஒரு பத்தங்குல அல்லது பன்னிரண்டங்குல ஸ்பீக்கர் போதும். ஆழமான ஓசைக்குப் பதினைந்து அங்குலம் இருந்தே ஆக வேண்டும் என்பது பழங்கதை. ஸ்பீக்கரின் விட்டத்தோடு, அது எப்படிச் செய்யப்பட்டது, எவ்வளவு கொள்ளளவுள்ள பெட்டிக்குள் இருக்கிறது என்பதும் சேர்ந்தே ஓசையை முடிவு செய்கிறது. சின்ன அறைக்கு நான் மூடிய பெட்டியையே சொல்வேன். கீழ்ச் சுரங்களில் அது மெதுவாகத் தேய்ந்து இறங்கும், தேய்ந்ததை அறைச் சுவர்கள் ஓரளவு ஈடுகட்டும். துளைப் பெட்டி தன் சுருதி வரைக்கும் கம்பீரமாக நிற்கும், அதற்குக் கீழே சடாரென்று விழும். அங்கே கோனுக்குப் பிடிமானமும் போய்விடும். ஐந்து தந்தி பேஸில் பி தந்தி 31 ஹெர்ட்ஸ் என்பதை மனதில் வையுங்கள். துளைப் பெட்டிதான் பிடித்திருக்கிறது என்றால், துளை பின்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது.

வாட் கணக்கில் மயங்க வேண்டாம். 100 வாட்டை 200 ஆக்கினால் ஓசையின் அளவில் கூடுவது 3 டெசிபல்தான், அதாவது கொஞ்சமே. ‘1 வாட்டுக்கு 1 மீட்டரில் 95 டெசிபல்’ என்று எழுதிய பெட்டியாக இருந்தால், அந்த ஒரு வாட்டே மேல் வீட்டுக்காரர் இறங்கி வரப் போதும். 8 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு) பெட்டியாக எடுங்கள். பெரும்பாலான டிரான்சிஸ்டர் பெருக்கிகள் 4 ஓம் வரை தாங்கும்; 8 ஓமில் அவை முழுப் பலத்தையும் காட்டாது, வீட்டில் அது நல்லதுதான். பின்னால் மேடை ஆசை வந்தால் இன்னொரு 8 ஓம் பெட்டியை இணையாகச் சேர்த்தால் 4 ஆகிவிடும். நியோடிமியம் காந்தம் போட்டது தூக்க இலகு; மாடிப்படி ஏறுபவர்கள் கூடுதல் விலை கொடுக்கலாம். சாதாரண கிட்டாருக்கான கேபினட் மலிவாகக் கிடைத்தால் கை வைக்காதீர்கள். அவற்றில் பல பின்பக்கம் திறந்தவை, அந்த ஸ்பீக்கர்களின் கோனும் பேஸின் நீள ஆட்டத்துக்குச் செய்தது அல்ல, கிழிந்துபோகும்.

‘பெட்டி’க்கு எதிராக ஒரே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கிட்டாரை வைத்துத் தூக்கிப் போகும் கெட்டி உறைக்கும் நாம் கிட்டார் பெட்டி என்றுதான் சொல்கிறோம். கடையில் ‘பேஸ் பெட்டி இருக்கா?’ என்று மட்டும் கேட்டால் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ‘பேஸுக்கு ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப் இல்லாமல்’ என்று கேளுங்கள்.